நாலு சீட்டு, மூணு பேர்

மவுண்ட் ரோஸ்கில் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர், தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற தைரியத்தில் மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்: "உங்கப்பா இருபது கிலோ கொறைச்சாத்தான் ப்ளேன்ல ஏற முடியும்."

பின்னால் நான் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"நாலு சீட்டுன்னுதானே அந்த செகண்ட் ஹேண்ட் ப்ளேனைப் பார்த்து வச்சீங்க?"

"சீட்டு நாலுதான். டேங்க் ஃபுல்லா இருந்தா மூணு பேரைத்தான் தூக்கும். சின்ன ப்ளேன் அப்படித்தான்."

"இத இப்ப சொல்றீங்க! மாப்பிள்ளை ப்ளேன் வாங்கி, தானே ஓட்டி சவுத் ஐலண்ட் சுத்திக் காட்டப்போறார்னு அப்பா திருச்சி முழுக்கச் சொல்லிட்டார்."

"முதல்ல அத்தைய கூட்டிட்டுப் போறேன். மாமா அடுத்த ட்ரிப்."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்ற மனுஷன வீட்ல பூட்டி வச்சிட்டா?"

"அப்ப நீ இறங்கிக்கோ."

"ஓஹோ! வாங்கறதுக்குத் தலையாட்ட நான் வேணும், ஏற வேணாமா? போன போட்டு, 'மாமா, நீங்க குண்டு'ன்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் போட்டார். "மாமா, அந்தப் ப்ளேன்ல ஏதோ கோளாறு. வேணாம்னு விட்டுட்டேன். கார்லயே சுத்தலாம்."

போனை வைத்ததும் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தார்:

"கோளாறு ப்ளேன்லயாம்!"