மீன் வண்டிக்கு ஜன்னல்

பெனிட்டோ: எல்லாம் சரிக்கா... இந்தப் பட்டறைல இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. மீன் வண்டிக்கு எதுக்கு ஜன்னல்?

கார்குழலி: காத்து வர்றதுக்குதான்.

பெனிட்டோ: மீனுக்கா?

கார்குழலி: ஏன், மீனுக்குக் காத்து வாணாமா?

பெனிட்டோ: செத்த மீனுக்கு?

தாமோதரன்: யோவ் பெனிட்டோ, ஜன்னல வுடுய்யா. மொதல்ல அடில போடற தட்டப் பத்திப் பேசு. பின்னாடி கீற பழைய பாடி, கையால தட்னாலே பொலபொலன்னு கொட்டுது.

பெனிட்டோ: கோழி ஏத்துன பிக்கப்புல்லா அண்ணாச்சி. கோழி எச்சமும் உங்க காசிமேட்டு உப்புக்காத்தும் சேந்தா இரும்பு எப்படி நிக்கும்? அத அறுத்து எறிஞ்சிட்டு, அடிச்சட்டம் இருக்குல்லா, சேஸ், அது மேல புதுசா தட்டையா ஒரு தட்டு போட்டுருவோம். அது மேல என்ன பொட்டி வேணாலும் ஏத்திக்கிடலாம். தட்டு இரும்புலயா, அலுமினியத்துலயா? அத மட்டும் சொல்லுங்க.

தாமோதரன்: இரும்பு.

கார்குழலி: அலுமினியம்.

பெனிட்டோ: சரியாப் போச்சு. வீட்டுல பேசிட்டு வரலியா?

கார்குழலி: எந்த வூட்ல...

தாமோதரன்: பேசனோம், பேசனோம். நீ இரும்பே போடு. அதான் ஸ்ட்ராங்கு.

கார்குழலி: இன்னா ஸ்ட்ராங்கு? என் வூட்டு கேட்டு துரு. பீரோ காலு துரு. மார்க்கெட்ல தராசு துரு. காலைல ஜன்னல் கம்பியப் புட்ச்சி எட்டிப் பாத்தா உள்ளங்கை செவப்பா வருது. அத்தவுட்டு எங்கியாச்சும் போலான்னு பாத்தா, துருவயும் கூடவே தூக்கினு போவணுமா?

பெனிட்டோ: எங்கயாச்சும் போகவா? எங்கக்கா போறீங்க?

கார்குழலி: ...மீன் விக்கத்தான்.

தாமோதரன்: நா சொல்றதக் கேளு. வயில தட்டு வுட்டுகிச்சின்னு வெய்யி. இரும்புன்னா எந்த ஊர்லயும் ஒரு வெல்டிங் கடை கீது. அலுமினியத்துக்கு ஆர்கான் கேஸு வெச்சிகினு கீற ஆளத் தேடணும். ஒரிசாவுல எவன்கிட்ட போயி நிப்பேன்?

பெனிட்டோ: ஒரிசாவா? மீன் வண்டிக்கு ஒரிசாவுல என்ன சோலி?

கார்குழலி: எறா வாங்க.

பெனிட்டோ: காசிமேட்டுல இருந்துகிட்டு, ஒரிசாவுக்குப் போயி எறா வாங்கப் போறீங்க.

கார்குழலி: அங்க பெரிசு பெரிசா கீதாம்.

பெனிட்டோ: யக்கா... நேத்து போன்ல தண்ணி டேங்கு கேட்டீங்க. சரின்னேன். அடுப்பு வைக்க மேடை கேட்டீங்க. அதுக்கும் சரின்னேன். இன்னிக்கு வந்து மூஞ்சி பாக்கற கண்ணாடிக்கு எடம் விடச் சொல்லுதீங்க. மீனு தலை வாருமாக்கா?

தாமோதரன்: மாட்டிகினோம். சொல்லிடு கொயலி.

கார்குழலி: நீயே சொல்லு. ஒரிசான்னு ஒளறனது யாரு?

தாமோதரன்: அது... வூடுப்பா. வண்டி மேல வூடு. உள்ளயே படுத்துக்கறது, ஆக்கித் துண்றது. அப்டியே ஊர் ஊரா போய்கினே இருக்கறது.

பெனிட்டோ: அடேயப்பா! இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன? நான் என்ன சிரிக்கவா போறேன்?

கார்குழலி: சிரிக்கறியே.

பெனிட்டோ: சந்தோசத்துல சிரிக்கேன்க்கா.

கார்குழலி: உம் மச்சான் காசிமேட்ல ஐஸ் கடை வெச்சிகினு கீறான்ல? இங்க நீ தும்முனா அங்க அவனுக்குக் கேக்கும். சாயங்காலத்துக்குள்ள குப்பம் பூரா பரவிடும். அதான் மீன் வண்டின்னோம்.

பெனிட்டோ: மாதா மேல சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன். ஆனா ஊரு சுத்துததுல ஒளிக்க என்ன இருக்கு? புருசனும் பொண்டாட்டியும் சுத்துனா யாரு கேக்கப் போறா?

தாமோதரன்: அத்த வுடு. இன்னா புயுக்கம் இங்க.

பெனிட்டோ: ஃபேன இந்தப் பக்கம் திருப்பட்டாக்கா? பட்டுச்சேலய கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டு வேர்த்து ஊத்துது உங்களுக்கு.

கார்குழலி: வாணா, வாணா. இப்டியே கீறேன். காலைல ஒரு விசேசம், அப்டியே வந்துட்டேன். நீ தட்டப் பத்திச் சொல்லு.

பெனிட்டோ: சொல்லுதேன். அண்ணாச்சி, மீன் ஏத்துனா போற எடத்துல எறக்கிருவீங்க. வீடு அப்படியில்ல. நாள் பூரா பாரம் மேலயே நிக்கும். வண்டி தாங்குற எடைல பெரும்பங்க இரும்புத் தட்டே தின்னுச்சின்னா, டேங்க எங்க வைப்பீங்க? அலுமினியம் அதுல பாதி எடைகூட வராது.

கார்குழலி: கேட்டுக்கினியா? இரும்பு போட்டா ஒண்ணு டேங்க எறக்கணும், இல்ல என்ன எறக்கணும்.

தாமோதரன்: டேங்க எறக்கிடலாம்.

கார்குழலி: த்தோடா! வாய் மட்டும் கீது.

தாமோதரன்: ஒடஞ்சா இன்னா பண்றதுன்னு இன்னும் பதில் வரல.

பெனிட்டோ: ஒடையாத மாதிரி மாட்டணும். இரும்புச் சேஸ் மேல அலுமினியத்த நேரா வச்சா, உப்புத்தண்ணி பட்டதும் ரெண்டும் ஒண்ண ஒண்ணு அரிச்சிரும். நடுவுல தடியா ரப்பர் வைக்கணும். அப்புறம் எல்லா போல்ட்டயும் கப்புன்னு இறுக்கவும் கூடாது. மேடு பள்ளத்துல சேஸ் முறுக்கும். தட்டு வெறப்பா நின்னா விரிசல் விடும். முன்னால ரெண்டு எடத்துல ஸ்பிரிங்கு வச்சி மாட்டுனா அதுவும் கொஞ்சம் ஆடிக் குடுக்கும்.

தாமோதரன்: எங்க ட்ராலர் போட்டு அலைல முறுக்கற மாதிரி.

பெனிட்டோ: அதேதான்!

தாமோதரன்: முறுக்காத போட்டுதான் மொதல்ல பொளக்கும்... சரி. அலுமினியமே போடு.

கார்குழலி: நா தொண்ட வறள சொன்னப்ப ஏறல. அவன் அலைன்னதும் ஏறிடிச்சி.

தாமோதரன்: அலைன்னு சொன்னது நாந்தான்.

பெனிட்டோ: ஆமா, ஊரு சுத்தணும்னு யாரு ஆரம்பிச்சது?

கார்குழலி: இதுதான். ராத்திரியெல்லாம் போன்ல இதே பேச்சு.

பெனிட்டோ: போன்லயா?

தாமோதரன்: இல்லப்பா... போட்டுக்குப் போயிருக்கும்போது. நீ கேளு. சின்ன வயசுலேந்து ட்ராலர் ஓட்டறேன். ராத்திரில தூரத்துல ஊருங்க தெரியும். காக்கிநாடா, வைசாக்கு, பூரி... வெளக்கு மட்டுந்தான். எந்த ஊர்லயும் எறங்கி ஒரு டீ குட்ச்சதில்ல. அங்க எவன் படுத்துகினு கீறான், இன்னா துண்றான், ஒண்ணுந் தெரியாது. அந்த ஊருக்கெல்லாம் ரோடு வயியா போயி, கடல் பக்கம் திரும்பி ஒக்காந்து பாக்கணும். அங்கேந்து நம்ம போட்டு எப்டித் தெரியுதுன்னு.

பெனிட்டோ: ...நல்லா இருக்கு அண்ணாச்சி. அக்காவுக்கு?

கார்குழலி: எனக்கு ஊரெல்லாம் வாணாம்ப்பா. நா எட்டு மணி வரிக்கும் தூங்கணும். கல்யாணம் ஆன மறுநாள்லேந்து மூணு மணிக்கே ஏலத்துக்கு எய்ந்துருக்கேன். கதவ சாத்திகினு, எவனும் ‘யக்கா, வஞ்சிரம் இன்னா வெல’ன்னு கேக்காத எடத்துல தூங்கணும்.

பெனிட்டோ: அதுக்கா ஜன்னல்?

கார்குழலி: எய்ந்துக்காம படுத்துகினே பாக்கறதுக்கு.

பெனிட்டோ: அருமை. அப்ப கட்டிலுக்கு எடம் குறிச்சிருவோம். அகலமா ஒரு கட்டிலா, சின்னதா ரெண்டா?

தாமோதரன்: ரெண்டு.

கார்குழலி: ஒண்ணு... எடம் மிச்சமாவும்ல?

பெனிட்டோ: அண்ணாச்சி காது செவக்குதே!

தாமோதரன்: வெயிலு.

பெனிட்டோ: கூரைக்கு அடியிலயா?

கார்குழலி: நீ ஒண்ணுன்னே குறிச்சிக்கோ. தாமு, மூஞ்சத் தொட.

பெனிட்டோ: தாமுவா? உங்க பக்கம் புருசன பேரு சொல்லியா கூப்பிடுவாங்க?

கார்குழலி: எங்க பக்கம் அப்டித்தான்... இரு, போன் அடிக்குது. ஐயோ, ரஞ்சித்து!

தாமோதரன்: எடு. எடுக்காட்டி இன்னும் பயப்படுவான்.

கார்குழலி: அலோ... இன்னாடா... சாத்தாங்காட்ல கீறேன். ஐஸ் பொட்டி வாங்க... யாரு சொன்னா? பூமாரியா? அவளுக்குக் கண்ணு செரியா தெரியாது... திருவொத்தியூர் கோயிலுக்கு நா எதுக்குப் போறேன்... தனியாத்தான் கீறேன். சரி, வெய்யி.

பெனிட்டோ: பையனாக்கா?

கார்குழலி: ம்.

தாமோதரன்: தனியாத்தான் கீறியா?

கார்குழலி: இன்னா சொல்லச் சொல்ற...

தாமோதரன்: ஒண்ணும் சொல்லல. நானும் என் பொண்ணுகிட்ட வலை வாங்கப் போறேன்னுதான் வந்தேன்.

பெனிட்டோ: இருங்க இருங்க. அவங்க பையன்... உங்க பொண்ணு... எனக்கு ஒண்ணும் வெளங்கலியே.

தாமோதரன்: வெளங்கறதுக்கு இன்னா கீது? இவ வூட்டுக்காரர் போயி எட்டு வர்சம். என் வூட்டம்மா போயி ஆறு வர்சம். அடுத்தடுத்த தெரு. என் பொண்ணுகூடப் பரவால்ல. இவளுக்கு இவ பையன் இன்னா சொல்வானோன்னு பயம்.

பெனிட்டோ: யப்பா... நான் பாட்டுக்கு கட்டில் ஒண்ணா ரெண்டான்னு...

கார்குழலி: நாலு ஆம்பளைங்க கத்தற ஏலத்துல நா ஒருத்தியா நின்னு கத்துவேன். எம் பையங்கிட்ட மட்டும் வாய் வரமாட்டுது. ‘இந்த வயசுல ஒனக்கு இன்னாம்மா’ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டான்னா... நா எங்க போயி மூஞ்ச வெச்சிக்கறது?

தாமோதரன்: கேட்டா கேக்கட்டும் கொயலி. ஆனா பூமாரி வாயிலேந்து கேட்டான்னா அதான் பேஜாரு. ஒன் வாயிலேந்து கேக்கட்டும். பக்கத்துல நா கீறேன்ல?

கார்குழலி: ...அந்த வெல்டிங்க நிறுத்தச் சொல்லுப்பா பெனிட்டோ.

பெனிட்டோ: ஏய், நிறுத்துங்கப்பா! கொஞ்ச நேரம் டீ குடிச்சிட்டு வாங்க... ம், பேசுங்கக்கா.

கார்குழலி: ரஞ்சித்து... அம்மாதான். ஐஸ் பொட்டி இல்லடா. வண்டி ஒண்ணு எடுத்து, மேல வூடு கட்டறோம்... நானும் தாமோதரன் மாமாவும். ஊர் சுத்தறதுக்கு... ஆமா, தனியாத்தான்னு பொய் சொன்னேன்... இன்னாடா பேச்சயே காணோம்? ரஞ்சித்து?... இன்னாது?... இரு, ஸ்பீக்கர்ல போடறேன். அவருக்கும் சொல்லு.

ரஞ்சித்: மாமா, கேக்குதா?

தாமோதரன்: சொல்லு ரஞ்சித்து.

ரஞ்சித்: நீங்க ரெண்டு பேரும் ராத்திரில போன்ல பேசறது எனக்கு எப்பவோ தெரியும். எங்கம்மா சிரிக்கற சத்தம் செவுத்துக்கு இந்தாண்ட கேக்குது. எங்கப்பா போனதுக்கப்பறம் அது அப்டி சிரிச்சி நா கேட்டதில்ல. அதான் கண்டுக்காத கெடந்தேன்.

கார்குழலி: டேய்...

ரஞ்சித்: நீ சும்மா இரும்மா. மாமா, ஊர் சுத்து, வாணான்னு சொல்லல. ஆனா எங்கம்மாவ சும்மா கூட்டிகினு போவக்கூடாது. நாலு பேரு நாலு வெதமா பேசுவான். மொதல்ல கல்யாணம் பண்ணு. நானே முன்னாடி நின்னு பண்ணி வெக்கறேன். அதுக்கப்பறம் எங்க வேணா போ. இன்னா மாமா, சம்மதமா? யம்மா... அலோ?

கார்குழலி: கோச்சுக்காதடா கண்ணு... காலைலயே கோயில்ல கட்டிகினோம். நீ இவ்ளோ ஆசப்படறன்னா... ஞாயித்துக்கெயம இன்னொருவாட்டி கட்டிக்கறோம்.