பச்சை பேட்ஜ்

— பெட்டியில இவ்வளவுதாங்கண்ணா. துணி, போர்வை, புஸ்தகம் நாலு. சந்தியா செருப்பு வாசல்ல இருக்கு.

— சரி, இருக்கட்டும். நீங்கதானே கோகிலவாணி? பாப்பா போன்ல உங்க பேருதான் சொல்லும். 'எங்க ரூம்ல கோகிலான்னு அதியமான்கோட்டைப் புள்ள, வூட்லருந்து முறுக்கு கொண்டாந்தா எனக்குத்தான் மொதல்ல, ஆனா ஒடஞ்சதாப் பாத்துதான் தருவா'ன்னு சிரிக்கும்.

— என்னை நீங்கன்னு சொல்லாதீங்கண்ணா.

— சித்தேரி மலையில எங்களுக்கு அப்படித்தாம்மா பழக்கம், படிக்கற புள்ளைங்கள. துப்பட்டாவுல என்னாது, பச்சையா?

— சுகாதாரத் தோழி பேட்ஜுங்க. மாடிக்கு ஒருத்தி. நர்சம்மா வந்து ரெண்டு நாள் பயிற்சி குடுத்தாங்க. இந்த மாடியில யாருக்கு முடியலன்னாலும் மொதல்ல எங்கிட்டதான் வரணும்.

— அப்ப உங்களக் கேட்டாத் தெரியும். வார்டன் அம்மா ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க. பாப்பா வலின்னு யாருகிட்டயும் சொல்லலன்னு எழுதியிருக்கு. அண்ணன் முத்துராஜ்னு கீழ கையெழுத்துப் போடணுமாம்.

— போட்டுட்டீங்களா?

— இன்னும் இல்ல. ஆத்தா மூணு நாளா சோறு தொடல. குடல்வால் வெடிக்கற வலிய ஒரு புள்ள எப்படி மூடி வச்சிருக்கும், நாமதான் வாயில்லாப் புள்ளையா வளத்துட்டமோன்னு அதையே சொல்லிச் சொல்லி அழுவுது. அதுக்கு நான் என்ன பதில் கொண்டு போறது?

— அண்ணா...

— இதைப் பாருங்க. பாப்பா நோட்டு, தலையணை உறைக்குள்ள இருந்துச்சு. நான் எட்டாவதோட நின்னவன், ஆனா அது எழுத்து நல்லாப் படிப்பேன். 'தொப்புள்ல ஆரம்பிச்சு வலப்பக்கம் அடிவயித்துக்கு எறங்குற வலி, வாந்தி, காய்ச்சல். வலி மாத்திரை கூடாது. ஒத்தடம் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.' நீங்க சொல்லிக் குடுத்ததா? இத எழுதத் தெரிஞ்ச புள்ளைக்கு, எனக்கு வலிக்குதுன்னு சொல்லத் தெரியலையே.

— அவ சொல்லாம இல்லீங்கண்ணா. அந்தப் பேப்பர்ல போடாதீங்க.

— யாருகிட்ட சொல்லிச்சு?

— எங்கிட்ட. ஞாயித்துக்கிழமை காலையில. மாசாமாசம் வர்ற வலின்னு நெனச்சேன். மாத்திரை குடுத்து, வெந்நீர்ப் பையை வயித்து மேல வச்சு விட்டேன். வேணாம் வேணாம்னு தள்ளுனா. மத்தியானம் அவளே செவுத்தப் புடிச்சுக்கிட்டு வார்டன் ரூமுக்கு நடந்து போனா.

— போயி?

— ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் கேட்டைத் தொறக்கணும்னா பேட்ஜ் போட்டவ சொல்லணுங்க. வார்டன் என்னைக் கூப்புட்டு, 'நீ பயிற்சி எடுத்தவ, நீ சொல்லு, ஆஸ்பத்திரி போகணுமா'ன்னாங்க. வேணாம் மேடம், சாதா வலிதான்னேன். 'மலைப்புள்ளைங்களுக்கு ஊருக்குப் போகத் தோணுனா வயித்துவலி வந்துரும்'னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

— பாப்பா ஒண்ணும் சொல்லலையா?

— என் பேட்ஜையே பாத்துட்டு நின்னா. என்னமோ சொல்ல வந்தா. முழுங்கிட்டா. திங்கக்கிழமை காலையில எழுப்புனப்ப பேச்சு மூச்சு இல்ல.

— சரி... இருக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. மாத்திரை கூடாது, ஒத்தடம் கூடாதுன்னு நோட்டுல இருக்கு. அந்தப் பயிற்சியில உக்காந்தவ நீ. தெரிஞ்சும் எப்படிக் குடுத்த?

— அந்த ரெண்டு நாளும் நான் இங்க இல்லீங்கண்ணா. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு வூட்டுக்குப் போயிட்டேன். எம்பேரு சொல்லி, என் கையெழுத்தப் போட்டு, அங்க உக்காந்து எல்லாத்தையும் கத்துக்கிட்டது சந்தியா.