முதலில் படம்

சாயங்கால வெயிலில்தான் பழைய கார் படத்தில் நன்றாக விழும். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பழைய கார்களின் விபத்துக் க்ளெய்மைப் பார்ப்பவர் நீங்கள்.

என் கார் எனக்கு முன்னால் பிறந்தது. வீட்டில் அதற்குப் பெயர் பெரியம்மா. “அந்தப் பெரியம்மாவையே கட்டிக்கிட்டு அழுங்க” என்பாள் மனைவி. ஆபீசில் என்னை ‘ஏம்ப்பா’ என்று கூப்பிடுகிறவர்கள்கூட, கார் கண்காட்சியில் அதன் பக்கத்தில் நின்றால் ‘சார்’ என்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

போன தடவை பம்பர் நசுங்கியபோது வண்டியை ஓரமாக நகர்த்திவிட்டேன். உங்கள் சர்வேயர் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி உபதேசம் செய்தார்.

“மொதல்ல படம். மத்ததெல்லாம் அப்புறம். நாங்க வந்து பாக்குற வரைக்கும் வண்டி மேல யாரும் கை வைக்கக் கூடாது.”

க்ளெய்ம் கிடைக்கவில்லை. பட்டறைக்காரர் அசல் இல்லாத ஏதோ ஒரு பம்பரை மாட்டினார். அந்த வருடக் கண்காட்சியில் வாசலிலேயே நிறுத்தி, “ஏம்ப்பா, வண்டிய ஓரமா எடு” என்றார்கள். அதற்கப்புறம் நான் சரியாகத் தூங்கவில்லை.

இந்த விபத்து நடந்த அன்றைக்கு மனைவியின் தம்பி பக்கத்து சீட்டில் இருந்தான். சீட் பெல்ட் கிடையாது. அதை மாட்ட அசல் தகட்டில் ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை. வளைவில் வழுக்கி மரத்தில் மோதினோம். எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. அவன் பக்கம் உள்ளே ஒடுங்கிவிட்டது.

நான் இறங்கிப் படம் எடுத்தேன்.

“மாமா, மூச்சு விட முடியல.”

“கொஞ்சம் பொறு மாப்ளே. வெளிச்சம் போயிடும்.”

லாரி டிரைவர் ஒருவர் கடப்பாரையோடு ஓடிவந்தார். கதவைப் பெயர்த்தால் ஆளை எடுத்துவிடலாமாம். தட்டி நிமிர்த்தக்கூடிய கதவு அது. அசல் கதவு.

“சர்வேயர் வர்ற வரைக்கும் கை வைக்கக் கூடாது” என்றேன்.

“யோவ், உள்ள ஆளு இருக்காருய்யா.”

“எங்க வீட்டு ஆளுதான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு.”

பாவம், நம்பிக் கடப்பாரையை இறக்கினார். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லவில்லை. உங்கள் கம்பெனியைத்தான் அழைத்துக்கொண்டிருந்தேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. நானும் நம்பிக் காத்திருந்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளிடம் நீங்களாவது எடுத்துச் சொல்லலாம், உங்கள் விதியைப் பின்பற்றியதைத் தவிர நான் வேறெதையும் செய்யவில்லை என்று.

நாலாவது படம் ஏன் கலங்கலாக இருக்கிறது என்று கேட்டீர்கள். ஜன்னல் வழியாக அவன் கையை நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தான். கலங்கிய படத்தை நீங்கள் ஏற்க மாட்டீர்களே. கை ஓயும்வரை பொறுத்திருந்து இன்னொன்று எடுத்தேன். அதில் கதவு எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது, பாருங்கள்.