சந்தனம் பூசிய வட்டு

தலைமை ஏற்றிருக்கும் நம் வார்ப்பாலை உரிமையாளர் சண்முகவேல் ஐயா அவர்களே, உலையின் வெப்பத்தில் உரமேறிய பெரியோர்களே, அச்சுக்கு மண் சலிக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் நிற்கும் தோழர்களே, வணக்கம்.

நான் தனப்பிரியா. ஆய்வகத்தில் இருப்பவள்.

என் மேசையில் ஓர் இரும்பு வட்டு. உள்ளங்கை அகலம். அதில் கார்பன் எவ்வளவு என்பது சான்றிதழில் இருக்கிறது. தினமும் காலையில் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி அந்த வட்டில் பொறி பாய்ச்சி அளக்கும். அளவு ஒத்துப்போகாவிட்டால் கருவியைத் திருத்துவோம். அதன் பிறகே உங்கள் இரும்பு.

ஆயுதபூஜை வந்தது. வட்டுக்குச் சந்தனம் பூசினேன். குங்குமம் வைத்தேன். சிரிக்காதீர்கள். உங்களில் லாரி டயருக்குப் பொட்டு வைக்காதவர் யார்?

மறுநாள் அதை எமரித் தாளில், அதாவது உப்புத்தாளில், தேய்த்திருக்க வேண்டும். பூஜையில் வைத்ததைத் தேய்க்க மனம் வரவில்லை. துணியால் துடைத்தேன். பொறி பட்டு மிச்சச் சந்தனம் எரிந்தது. வட்டில் கார்பன் கூடுதலாகத் தெரிந்தது. கருவி குறைத்துக் காட்டும்படி திருத்தினேன்.

அன்று வார்த்தவை லாரிச் சக்கரத்தின் நடுவில் வரும் ஹப்புகள், நாற்பது. கார்பன் குறைவு என்றேன். உருக்கியவர் காளியண்ணன்.

அவர் அதே இரும்பில் சோதனைக்கு ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை வார்த்து, உடைத்து, என்னிடம் கொண்டுவந்தார்.

“ஒடஞ்ச எடம் சாம்பலாட்டம் இருக்குது பாரு அம்முணி. கார்பன் கொறஞ்சா வெள்ளையால்ல ஒடையும். இரும்பு நல்லாருக்குது. உம்பட மிசினப் பாரு.”

“மிசினு பொய் சொல்லாதுங்கண்ணா. உங்களுக்குத்தான் உருக்கத் தெரியலீங்க.”

எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவரை உலையிலிருந்து இறக்கிப் பழைய இரும்பு பொறுக்க அனுப்பினார்கள். இருபத்தாறு ஆண்டு உலை முன் நின்றவர். மூன்று நாள் குனிந்து பொறுக்கினார்.

நான்காம் நாள் வட்டைத் தூக்கினேன். பொறி பட்ட இடத்தின் விளிம்பில் மஞ்சள். முகர்ந்தேன். சந்தனம்.

தேய்த்தேன். ஐந்து முறை பொறி பாய்ச்சினேன். ஐந்தும் ஒன்றுபோல் வந்தன. கருவியை மறுபடி திருத்தினேன். ஹப்புகளோடு வார்த்த மாதிரித் துண்டுகளை அளந்தேன். கார்பன் சரி.

கழித்துப்போட்ட ஹப்புகளை உடைக்கும் இடத்துக்கு ஓடினேன். சம்மட்டி இரண்டை உடைத்திருந்தது. முப்பத்தெட்டு மிஞ்சின. அன்று மாலையே அவர் உலைக்குத் திரும்பினார். கேட்டவர்களிடம் கருவியில் கோளாறு என்றார்கள்.

கருவியிலா கோளாறு? கரண்ட்டிலா கோளாறு? கையில், என் கையில்.

என்ன காளியண்ணா, கையாட்டுகிறீர்கள்?

“அட உடு சாமி. எறங்கி வா, சோறு ஆறுது.”

வாரேனுங்கண்ணா. ஒரு வாக்கியம் பாக்கி.

காளியண்ணன் உருக்கிய இரும்பு சரியாக இருந்தது. நான் அளந்தது தவறு.

கேட்டிருந்த அவைக்கு நன்றி. அண்ணா, உங்களுக்கு என் வணக்கம்.