அண்ணை திறந்துவிட்ட குதிரை

இல்லைப் பிள்ளை, நீங்கள் எழும்பவேண்டாம், ரெயின் ஓடுது, உங்கடை இடத்திலையே இருங்கோ. இவர் ஒண்டும் செய்யமாட்டார். போனிலை ஓடுற படத்தின்ரை சத்தம்தான் கொஞ்சம் கூட. ஹெட்போனைக் காதிலை கொழுவிவிட்டால் கழட்டி எறிஞ்சுபோடுவார், என்ன செய்யிறது. ஓம், நாங்களும் யாழ்ப்பாணம்தான், இப்ப இஞ்சை சுவிஸிலை, வில் எண்ட ஊரிலை இருக்கிறம். இவர் என்ரை சொந்த அண்ணை, தவராஜா.

படமோ? அது அந்தக் காலத்து அமெரிக்கப் படம், ஜெர்மன் பாசையிலை கதைக்குது. ஒரு காட்டுக்குதிரை. மலையடியிலை இருக்கிற ஒரு குடும்பம் அதைப் பிடிச்சுப் பழக்கப் பாக்குது. அது வேலியை உடைக்கும், ஆளை விழுத்தும். கடைசியிலை அந்த வீட்டுச் சின்னப் பெட்டை அதை அவிட்டுவிடுவாள், அது மலைக்கு ஓடிப்போகும். அவ்வளவுதான். குடும்பமாய் இருந்து பாக்கிற படம்.

அண்ணை வன்னியிலை இருந்தவர். ரெண்டாயிரத்து ஒன்பதிலை அண்ணியும் மகளும்... ஓம். ரெண்டுபேரும். பிறகு முகாம். நான் இஞ்சை கூப்பிட்டெடுத்த நேரம் ஆள் வாயே திறக்கிறேல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியிலை இந்தப் படம் போகுது. குதிரையின்ரை கழுத்திலை கயிறு விழேக்கை, விடுங்கோடா அதை எண்டார். இந்த நாட்டிலை அவர் கதைச்ச முதல் கதை அதுதான். மனுசி அடுப்படியிலை நிண்டு அழுதவ. அடுத்த கிழமையே தேடித்திரிஞ்சு அந்தப் படத்தை வாங்கினன்.

பிறகு ஆள் தேறிட்டார். சாப்பிட்டார், கடைக்குக் கூட வந்தார். நான் வேலைக்குப் போகேக்கை படத்தைப் போட்டுவிட்டுப் போவன். வந்து களைச்சிருந்தாலும் போட்டுவிடுவன். சொன்னால் என்ன, அவரோடை இருந்து கதைக்கவேண்டிய வேலையை இந்தக் குதிரைதான் இத்தினை வருசமாய்ச் செய்தது.

போன மாரியிலைதான் மறதி தொடங்கினது. எங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஒரு பண்ணை. ஒருநாள் தனியப் போய் அங்கை படலையைத் திறந்து குதிரையை வெளியிலை விட்டிட்டார். வயசுபோன கறுப்புக் குதிரை. அது நடு றோட்டிலை நிக்க, காரெல்லாம் நிக்க, பொலிஸ் வர, நான் வேலையாலை ஓடிவந்தன். இல்லை, ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை, தெய்வாதீனம். பண்ணைக்காரரும் நல்ல மனுசன், கத்தேல்லை. குதிரை தன்ரை பாட்டிலை திரும்பிப் படலையடிக்கு வந்திட்டுது. அண்ணை அதின்ரை நெஞ்சிலை கையை வைச்சுத் தள்ளித் தள்ளி, போ, போ எண்டு அழுகிறார். அது அசையேல்லை. என்ன சொல்லுறார் எண்டு பொலிஸ்காரன் என்னட்டைக் கேட்டான். குளிருதாம் எண்டு சொல்லி, ஆளைக் கையிலை பிடிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு வந்தன் பிள்ளை.

அதுக்குப் பிறகு மனுசிக்குப் பயம். நாங்கள் வேலைக்குப் போகேக்கை வெளியாலை பூட்டிப்போட்டுப் போகத் தொடங்கினம். எங்கடை நிலைமை அப்பிடி. உள்ளுக்கை நிண்டு கதவைத் தட்டுறார் எண்டு மேல்வீட்டுக்காரி வந்து சொன்னா. என்ரை முகத்தை நேரை பாத்துத்தான் சொன்னா.

ஓம், வாலன்சே ஏரிதான். வடிவு என்ன? இனிச் சர்கான்ஸ் ஸ்டேசன், அங்காலை நாங்கள் இறங்கிற கூர்.

கூரிலை குதிரை பாக்கப் போறம் எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வாறன். அவரின்ரை சேர்ட்டைப் பாருங்கோ, தானே தெரிஞ்செடுத்துப் போட்டவர்.

அந்தப் பெரிய பெட்டியோ? அது அவரின்ரை உடுப்பு. இல்லையில்லை, நான் பின்னேரமே திரும்பிவிடுவன். அங்கை ஒரு ஹைம், மறதிக்காரரை வைச்சுப் பாக்கிற இடம். கிட்டடியிலை ஒண்டும் கிடைக்கேல்லை. அங்கையெண்டால் ஒரு தமிழ்ப் பிள்ளையும் வேலைசெய்யுதாம். நல்ல இடம், நான் போய்ப் பாத்தனான். மூண்டாம் மாடி. குதிரை ஒண்டும் இல்லை.

உங்களிட்டையும் கேப்பார், அங்கை குதிரை நிக்குதோ எண்டு. ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ பிள்ளை. நானும் காலமை தொடக்கம் சொல்லிக்கொண்டுதான் வாறன். சூரிச் தாண்டினாப்பிறகு என்னைக் கேக்கிறாரில்லை.