பாவு தீரட்டும்

இன்றைக்கு வேலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. ஆரணியிலிருந்து கிளம்பும் காலை பஸ்ஸில் அது லேசில் கிடைக்காது. காற்று வாங்கிக்கொண்டு வரும்போதுதான் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது, டாக்டரம்மா. நேற்று நீங்கள் என் மகள் ஜெயப்ரியாவிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "ஒழுங்கா மாத்திரை போட்டும் உங்க அம்மாவுக்கு இப்பிடி ஆயிடுச்சே, நான் எங்க தப்பு பண்ணேன்னே தெரியலம்மா" என்றீர்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு நல்ல டாக்டர் வீணாக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பட்டு நெசவு. என் பெயர் அருணகிரி, என் மனைவி பெயர் அபிதகுசாம்பாள். திருவண்ணாமலையிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வந்த பொருத்தம் என்று கல்யாணப் பந்தியில் கேலி செய்தார்கள். பொருத்தம் தறியில்தான் தெரிந்தது. கரையையும் உடலையும் கோத்து நெய்கிற புடவைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நான் நடுவில் உட்கார்ந்து, குறுக்கு நூல் சுற்றிய நாடாவை வீசுவேன். வலது பக்கக் கரைக்கு அவள் நாடா போடுவாள். இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போனால்தான் கரை நேராக நிற்கும். எங்களுக்குள் பேச்சே வேண்டியிருக்கவில்லை. நான் தொண்டையைச் செருமினால் அவள் நிறுத்திவிடுவாள்.

ஆனால் மாதத்தில் ஐந்து நாள் அவள் தறியில் உட்கார மாட்டாள். தூரமான பெண் தறிக்குழியில் கால் வைக்கக் கூடாது, பாவு நூலைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரம் காட்டுகிற தறி அது. அந்த ஐந்து நாளும் சின்னப்பையன் வந்து உட்காருவார். பெயர்தான் சின்னப்பையன், பேரன் பேத்தி எடுத்தவர், வாய் நிறையப் புகையிலை. அவர் கை ஒரு திக்கில் போகும், என் கை ஒரு திக்கில் போகும். நெய்து முடித்த புடவையைப் பிரித்துப் போட்டால், எது சின்னப்பையன் நெய்த முழம் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தள்ளினேன்.

தொண்ணூற்றெட்டில் அவளுக்கு அது நின்றுவிட்டது. அவள் கொஞ்சம் அழுதாள். நான் சந்தோஷப்பட்டேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. சின்னப்பையனுக்கு ஒரு கரை வேட்டி எடுத்துக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. பிறகு அவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், நீங்களே எழுதிக்கொண்டீர்கள். நெஞ்சிலிருந்து கிளம்பி முகமெல்லாம் அனல் ஏறும். ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும். நாடாவைப் பாதியில் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடுவாள். தூக்கமில்லை, எரிச்சல், ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று ஃபேனோடு சண்டை. ஒருநாள் பாதி நெய்த சந்தன நிறப் புடவையில் அவள் நெற்றி வியர்வை சொட்டிவிட்டது. பட்டில் விழுந்த சொட்டு விழுந்ததுதான். அவள் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே, "என்ன உட்ருங்க. பேஜாரா கீது. இனிமே நான் ஒக்கார மாட்டேன்" என்றாள். மறுபடியும் சின்னப்பையன், அதுவும் மாதம் முழுக்க.

அதன் பிறகுதான் அவளை உங்களிடம் அழைத்து வந்தேன். நீங்கள் பேட்ச் என்று சொன்னதை நாங்கள் பிளாஸ்திரி என்று சொல்லிக்கொண்டோம். வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும், இடுப்புக்குக் கீழே பின்பக்கம் ஒட்ட வேண்டும் என்றீர்கள். அவள் கைக்கு எட்டும், இருந்தாலும் நான்தான் ஒட்டுவேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள். எண்ணெய்ப் பசை இருந்தால் பிளாஸ்திரி பிடிக்காது. அதனால் சீயக்காய் போட்டு அலசி, ஈரம் உலர்ந்த பிறகு ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "போதும், உடுங்க. ஆராவது பாத்தா சிரிப்பாங்க" என்பாள். ஒரு மாதத்துக்குள் பழைய அபிதா திரும்பி வந்துவிட்டாள். தூங்கினாள். சிரித்தாள். கை உலர்ந்து இருந்தது. எந்தப் புருஷனும் பெண்டாட்டியை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டான்.

கூடவே ஒரு மாத்திரையும் எழுதினீர்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் போட வேண்டும். அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வெறும் பேட்ச் மட்டும் போட்டா கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சிகினே போவும், அப்புறம் அது புத்துநோயில கொண்டுபோய் உட்டுடும். மாத்திரைதான் அத அடக்கும். மாசாமாசம் கொஞ்சம் ரத்தம் வரும், பயப்படாதீங்க. ஒன்ன உட்டு ஒன்னு கூடவே கூடாது." இவ்வளவு தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

சொன்னபடியே ரத்தம் வந்தது. ஐந்து நாள் அவள் பின்கட்டில் ஒதுங்கி உட்கார்ந்தாள். சின்னப்பையன் நான் கொடுத்த கரை வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்து தறியில் இறங்கினார். அடுத்த மாதமும் அதே கதை. மூன்றாவது மாதம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். "டாக்டரம்மா மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாங்க. பிளாஸ்திரி மட்டும் போதுமாம்" என்று அவளிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. நான் எதையும் சொல்லி அவள் ஏன் என்று கேட்டதில்லை.

அதற்குப் பிறகு உங்களைப் பார்க்க நான் மட்டும் வந்தேன். அவளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த தடவை அழைத்து வருகிறேன் என்பேன். ஒரு தடவை நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள், மனைவியை நேரில் பார்க்காமல் இனி எழுதித் தர மாட்டேன் என்றீர்கள். அன்றைக்கு உங்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நீங்கள் இளகிய மனசுக்காரர். மாத்திரையை நான் வாங்காமல் இருந்ததில்லை. வாங்காமலே வாங்கினேன் என்று உங்களிடம் பொய் சொல்ல நாக்கு கூசியது. வாங்கி, திரும்பிப் போகும்போது ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாக விட்டுவிடுவேன். தண்ணீர் இல்லாத ஆறு, மணலில் போய் விழும்.

அந்த வருஷங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாதம் முழுக்க அவள் என் வலது பக்கம் இருந்தாள். அந்தக் காலத்துப் புடவைகளில் ஒரு முழம்கூடக் கோணவில்லை. கல்யாணம் ஆன புதிதில் இருந்ததைவிட அப்போதுதான் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இதை அவளைக் கேட்டாலும் சொல்லுவாள்.

போன வருஷம் ஆடியில் ஒருநாள் நாடாவுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினாள். "இன்னாங்க, மறுபடியும் அது வந்துகிது போல. இந்த வயசுல வெக்கமா கீது."

நான் சுற்றுகிற கையை நிறுத்தவில்லை. "அது தூரம் இல்ல. ஒடம்புச் சூடு. மோரு குடி" என்றேன்.

"அப்ப தறியில ஒக்காரலாமா?"

"ஒக்காரு."

அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் எது வந்தாலும் சூடு என்றுதான் சொல்லுவோம். நானும் அதைச் சூடு என்றுதான் சொன்னேன்.

சூடு தணியவில்லை. நான்கு நாள் நிற்கும், பத்து நாள் வரும். ஐப்பசியில் அவளே கேட்டாள், "ஒரு எட்டு வேலூருக்குப் போய் டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்துடலாங்க." நான் "பாவு தீரட்டும்" என்றேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு, அது தீர்ந்தால்தான் தறி ஓயும். அது தீர்கிற சமயத்தில் அடுத்த பாவை, ஒவ்வொரு இழையாகப் பழைய நூலின் நுனியோடு பிணைத்துவிடுவோம். தறி வெறுமனே நிற்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் பாவு ஒருநாளும் தீர்ந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். பிணைக்கிறபோது என் எதிரில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். தலை குனிந்தபடியே கொடுத்தாள், பிறகு வேலூர்ப் பேச்சை எடுக்கவில்லை.

பொங்கலுக்குக் களம்பூரிலிருந்து ஜெயப்ரியா வந்தாள். அம்மாவின் வெளுத்த உதட்டைப் பார்த்தாள், பின்கட்டுக் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மீதி உங்களுக்குத் தெரியும். கர்ப்பப்பையில் தொடங்கி நுரையீரல் வரை போய்விட்டது, இனி கத்தி வைத்துப் பயனில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

வார்டில் அவளைப் பார்த்து, "மாத்திரை விடாம போட்டீங்களா?" என்று கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? அவள் என் முகத்தைப் பார்த்தாள். "போட்டாம்மா, நானே எடுத்துக் குடுத்தேன்" என்று நான் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதிலிருந்து என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

நீங்கள் பிளாஸ்திரியை நிறுத்தியதும் அனல் மறுபடியும் வந்துவிட்டது. நேற்று மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பிளாஸ்திரிய ஒன்னே ஒன்னு ஒட்டுங்களேன்" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒட்டவும் முடியாது, ஒட்ட மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அட்டையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் தறியில் பாதிப் பாவு நிற்கிறது. வலது பக்கத்துப் பலகை காலியாக இருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்கவே என்னால் முடியவில்லை. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பிறகு வந்த ரத்தத்தோடு அத்தனை மாதம் அவளைத் தறியில் உட்கார வைத்தவன், மாத்திரையால் வந்த ஐந்து நாள் ரத்தத்தோடும் உட்கார வைத்திருக்கலாமே என்கிறீர்கள். அப்படிச் செய்திருந்தால் இன்று அவள் நன்றாக இருந்திருப்பாள் என்கிறீர்கள். நீங்கள் படித்தவர், உங்களுக்கு இரண்டும் ஒரே ரத்தம். எங்களுக்கு அப்படியில்லை, டாக்டரம்மா. மாத்திரையால் வந்தது மாதவிலக்கு, அதோடு உட்கார்ந்தால் தறிக்குத் தீட்டு. பின்னால் வந்தது நோய். நோய்க்குத் தீட்டு கிடையாது. ஆடியில் அவள் வந்து சொன்ன அந்த நிமிஷமே அது நோய்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் தயங்காமல் உட்காரச் சொன்னேன்.