நாற்பதாயிரமாவது மணி

கடையில் சார்டின் டின் வாங்கினாலும் தேதியைப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டிரைவ் வாங்கியதில் கவனக்குறைவா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ரூபினி. கேட்பது உங்கள் வேலை. நிதானமாகவே சொல்கிறேன். இந்த அறையில் ஏர்கானும் நன்றாக இருக்கிறது.

என் பெயர் மத்தியாஸ். கெர்லிங்கிலிருந்து சுங்கை பெசார் வரை நான்கு டயாலிசிஸ் மையங்கள் நடத்தும் நிறுவனத்தில் கணினிப் பிரிவுத் தலைவன். நோயாளிகள் நானூற்றுச் சொச்சம் பேர். பாதிப்பேர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். யாருக்கு எந்த மருந்து, யாருக்கு எது ஆகாது என்பதெல்லாம் கோலா சிலாங்கூர் அலுவலகத்தில் மூன்று சர்வர்களில் இருந்தது. ஒரே தகவல்தான் மூன்றிலும். ஒன்று படுத்துக்கொண்டால் மற்ற இரண்டும் தாங்கும். என் ஏற்பாடு அது.

அவற்றில் தகவலைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி டிரைவ் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் படித்தேன். மின்சாரம் திடீரென்று போனாலும் எழுதிக்கொண்டிருந்ததை எழுதி முடித்துவிட்டு அணையும் வகை. தினமும் மூன்று முறை முழுக்க அழித்து எழுதினாலும் ஐந்து வருடம் உழைக்கும் வகை. விளம்பரத் தாளில் இருபது லட்சம் மணி நேரம் என்று போட்டிருந்தது. விற்கிறவன் பொய் சொல்வானா? இருபத்து நான்கு டிரைவுகள், ஒரே பெட்டியில், அடுத்தடுத்த எண்களோடு வந்து இறங்கின. பார்க்கவே அழகாக இருந்தது.

ராவாங்கிலிருந்து வரும் பிரமிளா, என் கீழ் வேலை பார்த்த பொறியாளர், கூட்டத்தில் வாயைத் திறந்தாள்.

“சார், எல்லாமே ஒரே பேட்ச். பாதிய மாத்தி வேற பேட்ச்ல எடுக்கலாம் லா. உள்ள ஏதாச்சும் கோளாறு இருந்தா மூனு சர்வரும் ஒன்னாத்தான் போகும்.”

“ஏம்மா, டிரைவுக்கு ஜாதகம் பாக்குறியா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள்.

ஜாதகம் பார்த்தது எங்கள் முதலாளி பாலன்தான். சர்வர்களைச் சில வாரம் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக ஓட விடுவதுதான் முறை. அவர் ஐயரைக் கேட்டு மூன்றுக்கும் சேர்த்து ஒரே நேரம் குறித்துவிட்டார். 2020 தை மாதம், வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. புகை எச்சரிக்கை மணி அலறும் என்பதால் கற்பூரத்தை மட்டும் வெளியே கொளுத்தினோம். மற்றபடி சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், ஒன்றுக்கும் குறைவில்லை. நான் கிறிஸ்தவன், நல்ல நேரம் பார்ப்பதில்லை. முதலாளி பார்க்கும்போது கைகட்டி நிற்பேன். சரியாக ஐந்துக்கு இருபத்து நான்கு டிரைவுகளும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. அதன்பின் ஒரு நிமிடம்கூட அவற்றை நிறுத்தியதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

நான்கு வருடம் கழித்து, ஜூன் மாதம், தயாரித்த கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளில் ஒரு பிழையாம். நாற்பதாயிரம் மணி நேரம் ஓடியதும் டிரைவ் தானாகவே செத்துவிடும், உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காது, மென்பொருளை உடனே புதுப்பிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மதியத்தில் முடிகிற வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் பத்து, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. மூன்று சர்வருக்கும் அதே மணி. ஐயர் அவ்வளவு துல்லியமாகக் குறித்துக் கொடுத்திருந்தார்.

ஏன் புதுப்பிக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? புதுப்பிக்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். பிரமிளா படிப்பாள். பாலன் கூட்டத்தில் “அன்னிக்கே சொன்னியேம்மா” என்பார். அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அது தாங்காது. மறைக்காமல் சொல்கிறேன், தாங்கவே தாங்காது. மின்னஞ்சலை அழித்தேன். ஆகஸ்ட் பத்தாம் தேதிப் பொறுப்பில் என் பெயரை எடுத்துவிட்டு பிரமிளாவின் பெயரைப் போட்டேன். யாராவது ஒருவர் பொறுப்பில் இருக்கத்தானே வேண்டும்.

ஒன்பதுக்கு எல்லாம் போயிற்று. ராவாங்கில் வாரம் ஒருமுறை எடுத்து வைக்கும் நகலைத் திரும்ப ஏற்ற இரண்டு நாள் ஆகும். பத்தாங் பெர்ஜுந்தாய் மையத்தில் வழக்கமான தாதி அன்று விடுப்பு. சுங்கை பெசாரிலிருந்து வேறொருவர் பதிலாக வந்திருந்தார். அப்பளசாமி என்று ஒரு பெரியவர், எழுபத்தொரு வயது, அவரிடம் சொல்லியிருக்கிறார்:

“எனக்கு ஒரு மருந்து ஆவாது மிஸ்ஸி. பேரு தெரியல. கம்பியூட்டர்ல போட்டுருக்காங்க, பாருங்க.”

கம்பியூட்டரில் ஒன்றும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வழக்கமாகப் போடுகிற ஹெபாரினையே அவருக்கும் போட்டார்கள். அதுதான் அவருக்கு ஆகாத மருந்து. மதியத்துக்குள் உயிர் போய்விட்டது.

உள்விசாரணை அறிக்கையை நான்தான் எழுதினேன். பிரமிளாவுக்கு “அனுபவம் போதாது” என்று மட்டும் குறிப்பிட்டேன். அதற்கு மேல் எழுதி அவள் எதிர்காலத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அவளை வேலையை விட்டு அனுப்பியது பாலன், நான் இல்லை.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் அந்த மூன்று தாள்களுக்கு வருகிறேன். ஆம், நான் அச்சிட்டவைதான். ஆகஸ்ட் ஒன்பது, வெள்ளிக்கிழமை மாலை. என் மனைவி பெர்னடெட்டின் மருத்துவக் குறிப்பு. அவளுக்கும் அதே மையம், அதே சனிக்கிழமை காலை, அப்பளசாமிக்குப் பக்கத்து நாற்காலி. “நாளைக்கு மிஸ்ஸி கேட்டா இதக் காட்டு” என்று கைப்பையில் வைத்து அனுப்பினேன்.

“ஏங்க, எல்லாந்தான் கம்பியூட்டர்ல இருக்கே?” என்றாள்.

“வச்சிக்க” என்றேன்.

அந்தப் பெரியவர் சொன்னதை அவள் பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டிருக்கிறாள். தாளில் அச்சிட்ட தேதி முந்தின நாள் என்பதையும் பார்த்திருக்கிறாள். அவளே பஸ் பிடித்து வந்து இந்தத் தாள்களை உங்களிடம் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். எனக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை பேரில் அவள் ஒருத்திக்குத்தான் நான் அச்சிட்டேன், மேடம். அதையாவது அவள் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.